தேக்காவில் ராகுகாலம் எத்தனை மணிக்கு?

சில வருஷங்களுக்கு முன்னால், ஜனவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மாமா தேக்காவில் சின்னதாக ஒரு பலகாரக் கடை எடுத்திருந்தார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் குருக்கள். நேரம் குறித்தது மாமாவேதான். கடைச்சுவரில் ஊரிலிருந்து வந்த தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, சிவகாசியில் அச்சடித்தது. அதில் வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10.30 முதல் 12.00 வரை என்று போட்டிருந்தது.

"பன்னெண்டு அடிச்சு அஞ்சு நிமிஷத்துல ஷட்டரைத் தூக்கிடுவோம். ஆபீஸ்காரங்க சாப்பாட்டுக் கூட்டத்தைப் பிடிச்சிடலாம்" என்றார் மாமா. வடையும் பஜ்ஜியும் போடுவதற்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கற்கண்டு நீட்டுவது.

பதினொன்று ஐம்பதுக்குக் குருக்கள் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பத்தானே ராகுகாலமே ஆரம்பிச்சிருக்கு! ஒண்ணேகால் வரைக்கும் நடக்குமே."

"சாமி, காலண்டர்ல பன்னெண்டுன்னு போட்டிருக்கே?"

"அது அந்த ஊர் பன்னெண்டு."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஊர் பன்னிரண்டு வேறு, இந்த ஊர் பன்னிரண்டு வேறு என்றால், இந்த ஊரின் பன்னிரண்டை யார் தீர்மானித்தார்கள்? தேடிப்போனால், அது ஒரு தடவை தீர்மானிக்கப்பட்ட விஷயம் இல்லை. நூறு வருஷத்துக்குள் சிங்கப்பூரின் கடிகாரத்தை அரசாங்கங்கள் அரை டஜன் தடவை நகர்த்தியிருக்கின்றன.

கணக்கு எளிது. ராகுகாலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ஒதுக்குவது. காலை ஆறுக்கு உதயம், மாலை ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். நம் வீட்டுக் காலண்டர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு நான்காவது பங்கு. அதாவது வெள்ளி ராகுகாலம் முடிவதும் சூரியன் உச்சிக்கு வருவதும் ஒரே நேரம். தமிழ்நாட்டில் உச்சிப்பொழுது ஏறக்குறைய பன்னிரண்டுக்கு வந்துவிடுகிறது, அதனால் காலண்டர் பிழைத்துக்கொள்கிறது. இங்கே உச்சிப்பொழுது சராசரியாக மதியம் 1.05. ஜனவரி நடுவில் இன்னும் எட்டொன்பது நிமிடம் தள்ளிப்போகும். குருக்களின் ஒண்ணேகால் சரிதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. மாமா கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், டன்லப் ஸ்திரீட்டில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல். அங்கே இந்தக் குழப்பமே கிடையாது. தொழுகை நேர அட்டவணை சிங்கப்பூருக்கென்றே கணக்கிடப்படுகிறது, முயிஸ் வெளியிடுகிறது. நண்பகல் தொழுகை இங்கே ஒரு மணியை ஒட்டித்தான் வரும். அரசாங்கம் கடிகாரத்தை நகர்த்தினால் அட்டவணையில் எண் மாறும், தொழுகை சூரியனோடேயே இருக்கும். நம் தினசரி காலண்டரோ கப்பலில் வந்த சரக்கு. அது ஊர்ச் சூரியனையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மாமா 1901-ல் கடை போட்டிருந்தால் அவர் கணக்கு பலித்திருக்கும். அந்த ஆண்டு முதல் சிங்கப்பூரின் அதிகாரபூர்வ நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னால். அந்த விநாடிக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், இது இந்த ஊரின் சூரியனை அளந்து எடுத்த நேரம். சராசரி உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டு. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் நேரப்பந்து ஒன்று இருந்தது. கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, பகல் ஒரு மணிக்குக் கீழே விடுவார்கள். குன்றின் மேல் பந்து விழுகிற அந்த நேரத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் பெட்டிகளுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசைப்படி.

அன்றைய சென்னைக்கும் தனி நேரம் இருந்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முன்னால். இரண்டு ஊருக்கும் இடையே ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம். 1905 ஜூன் 1 அன்று சிங்கப்பூர் தன் சூரியனை விட்டு நாலரை நிமிடம் முன்னே நகர்ந்து, முழு ஏழு மணி நேரக் கணக்குக்கு வந்தது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியா ஐந்தரைக்கு வந்தது. இடைவெளி ஒன்றரை மணி, கணக்குப் போட வசதி. கப்பலும் தந்தியும் சேர்ந்து உலகத்தையே அப்போது இப்படி வட்டமான எண்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. எல்லா ஊரும் சும்மா இணங்கவில்லை. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. சென்னை அவ்வளவு அடம் பிடிக்கவில்லை, அதன் நேரத்துக்கும் புது நேரத்துக்கும் ஒன்பது நிமிடம்தானே வித்தியாசம்.

1933 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் இருபது நிமிடம் கூட்டினார்கள். பகல் வெளிச்சத்தைச் சேமிக்கிறோம் என்று பெயர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கிற ஊரில் எந்த வெளிச்சத்தைச் சேமிப்பது? ஆபீஸ் முடிந்து விளையாடப் போகும் துரைமாருக்குச் சாயங்காலம் இன்னும் இருபது நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை. தேக்காவின் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது அல்லவா, அங்கிருந்த குதிரைப்பந்தய மைதானம் புக்கித் தீமாவுக்கு மாறியதும் இதே 1933-ல்தான். வெளிச்சம் வந்தது, விளையாட்டு போய்விட்டது. தற்காலிகமாக வந்த இந்த இருபது நிமிடம் 1936-ல் நிரந்தரமானது. 1941 செப்டம்பர் 1 அன்று மேலும் பத்து நிமிடம். இப்போது வெள்ளி ராகுகாலம் சராசரியாக 12.35-க்கு முடிகிறது. ஊர்க் காலண்டரை நம்பி 12.05-க்குக் கடை திறப்பவர் அரைமணி நேரம் ராகுவிடம் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஐந்து நிமிடம், இருபது நிமிடம், பத்து நிமிடம். இந்த மாற்றங்களால் வியாபாரம் எதுவும் நின்றுவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆள்கிறவர் சொன்னால் முள்ளை நகர்த்திவிட்டுக் கல்லாவைத் திறப்பார்கள். ஆனால் அடுத்த மாற்றம் அப்படிப்பட்டது இல்லை.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மறுநாளே கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே நகர்ந்தன, தோக்கியோ நேரத்துக்கு. ஊர் பெயர் சியோனான் ஆனது. ஆண்டு 2602 ஆனது, ஜப்பானின் முதல் சக்கரவர்த்தியிலிருந்து எண்ணுகிற கணக்குப்படி. ஊர் பெயர், ஆண்டு, மணி மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது என்றால் அதற்கு நிர்வாக வசதி என்று மட்டும் அர்த்தமில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறொரு கடலின் ஓரத்தில் உதிக்கும் சூரியனுக்கு இனி நீங்கள் எழுந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பிப்ரவரியில் சிங்கப்பூரில் பொழுது விடிந்தது கடிகாரப்படி காலை எட்டேகாலுக்கு. உச்சிப்பொழுது மதியம் இரண்டு மணிக்கு மேல். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கிறவர் கும்மிருட்டில் திறக்க வேண்டும், ஊரடங்கும் சோதனையும் இருந்த நாட்களில்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் காட்டிலும் தோக்கியோ நேரம்தான். அங்கே சூரியன் சிங்கப்பூரைவிட இன்னும் மேற்கே இருக்கிறது, இன்னும் தாமதமாக வரும். தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு மணி அடித்தால் எழுந்து பழகிய உடம்புகள் அவை. அவற்றுக்குக் கடிகாரம் என்ன சொன்னது என்பதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது, வேலை விடியுமுன் தொடங்கி இருட்டிய பிறகும் ஓடியது.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பாடாங்கில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். டில்லியை நோக்கிப் புறப்படச் சொன்ன அந்தக் கூட்டங்கள் எல்லாம் தோக்கியோ கடிகாரத்தில் நடந்தவை. அப்போது இந்தியாவும் தன் நேரத்தில் இல்லை. போரைக் காரணம் காட்டி பிரிட்டிஷார் அங்கேயும் ஒரு மணி நேரம் கூட்டி ஆறரை ஆக்கியிருந்தார்கள். ஆக சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே இரண்டரை மணி நேரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த எண் மறுபடி வரும்.

1945 செப்டம்பர் 12, நகராட்சிக் கட்டடத்தில் சரணடைவுக் கையெழுத்து. கடிகாரம் ஏழரைக்குத் திரும்பியது. எடுத்துக்கொண்ட ஒன்றரை மணி நேரம் ஊருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பணம் கிடைக்கவில்லை. மூன்றரை வருஷமாகக் கல்லாப்பெட்டியில் சேர்ந்திருந்த வாழைமர நோட்டுகள் செல்லாது என்று பிரிட்டிஷார் அறிவித்தார்கள். மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்களிடம் வெறும் காகிதம் மிஞ்சியது. நேரத்தை நகர்த்துவதால் வரும் நஷ்டத்தையும் நோட்டை ரத்து செய்வதால் வரும் நஷ்டத்தையும் ஒப்பிட்டால் முதலாவது ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒரே கை செய்கிறது என்பதைத்தான் கவனிக்கிறேன்.

இனி நம் அரைமணி நேரத்துக்கு வருவோம். 1981 ஜூலையில் மகாதீர் மலேசியப் பிரதமரானார். தீபகற்பம் ஏழரையில் இருந்தது, சபாவும் சரவாக்கும் எட்டில். ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று முடிவெடுத்து, சிறியது பெரியதைப் பின்பற்றுவதற்குப் பதிலாக, தீபகற்பத்தை அரைமணி முன்னே தள்ளினார். சிங்கப்பூருக்கு இதில் பேச ஒன்றும் இல்லை. காஸ்வேயைத் தாண்டினால் வேறு மணி என்றால் பேருந்து, ரயில், சரக்கு லாரி, தினமும் எல்லை கடந்து வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தலைவலி. அப்போது ஒரே நிறுவனத்தின் பங்கு கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கைமாறிக்கொண்டிருந்தது. வியாபாரிகளுக்கும் பயணிகளுக்கும் சிரமம் கூடாது என்று சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனபோது அது 12.00 என்று அறிவிக்கப்பட்டது. அந்த வருஷத்தின் கடைசி அரைமணி நேரம் இந்த ஊரில் யாருக்கும் நடக்கவில்லை.

நல்ல வியாபாரக் கணக்கு அது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் ஒரே மணிக்கு வந்தன. பின்னால் சீனா திறந்தபோது அதுவும் அதே மணியில் இருந்தது. மேற்கே பார்த்து வியாபாரம் செய்தவர்களின் கணக்கு வேறு. சென்னையில் பத்து மணிக்குத் திறக்கும் அலுவலகத்துக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்து டிரங்க்கால் போடுகிற புடவைக் கடைக்காரர் முன்பு பன்னிரண்டு மணி வரை காத்திருந்தால் போதும், இப்போது பன்னிரண்டரை. இங்கே ஐந்துக்கு வேலை முடிகிறது என்றால், ஐந்து மணி நேரமாக இருந்த பொதுப்பொழுது நாலரை மணி ஆனது. இடைவெளி மறுபடியும் இரண்டரை மணி நேரம். போர்க்காலத்தில் தோக்கியோ நேரத்தால் வந்த அதே எண் இப்போது சமாதானமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை அதுதான். அம்மாவுக்கு வாட்ஸப்பில் பேசும் முன் விரல்விட்டு எண்ணுகிற அந்த இரண்டரை, கோலாலம்பூரில் எடுத்த ஒரு முடிவின் மிச்சம்.

நம்மில் பெரும்பாலானோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பள்ளிக்கு இருட்டில் போனவர்கள். ஆறு மணிக்கு எழுந்து, ஆறரைக்கு பிளாட் கீழே நின்று, பேருந்தின் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு போன பிள்ளைகள். பிப்ரவரியில் இங்கே சூரியன் ஏழேகாலுக்குத்தான் எட்டிப் பார்க்கும். அதை நாம் சிங்கப்பூரின் இயல்பு என்று நினைத்தோம். பெரியப்பாவுக்கு அப்படி இல்லை. "எங்க காலத்துல வெளிச்சத்துல போவோம்" என்பார். வயதானவர்கள் எல்லாரும் சொல்கிற மாதிரி ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னதில் அரைமணி நேரம் உண்மை இருந்திருக்கிறது.

பெரியப்பா எழுபதுகளில் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். கடிகாரம் மாறிய இரவைப் பற்றிக் கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "கடிகாரத்தைத் திருப்பி வச்சோம். அவ்வளவுதான்." அவர் விடாமல் பேசுவது தண்ணீரைப் பற்றி. "தண்ணி வந்தா மொதல்ல அரிசியத் தூக்கணும். அப்புறம் சீனி. கணக்கு நோட்டை மறந்துட்டா மொதலாளி நம்மளைத் தூக்கிடுவாரு." அஞ்சடியில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, அதற்கும் மேலேதான் மூட்டைகள். மழை மட்டும் பெய்தால் பயமில்லையாம். கடல் ஏறுகிற நேரமும் மழையும் ஒன்றாக வந்தால்தான் பயம்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. சிங்கப்பூர் வெள்ளத்தின் இயக்கமே அதுதான். தேக்கா என்ற பெயர் மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. ரோச்சோர் கால்வாய் ஓரமாக மூங்கில் வளர்ந்த ஈரநிலம். மலாயில் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். எருமை வளர்க்கத் தண்ணீரும் புல்லும் வேண்டும், அது இங்கே இருந்தது, அதனால் மாட்டு வியாபாரம் வந்தது, அதோடு தமிழர்கள் வந்தார்கள். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்தத் தாழ்வான நிலம்தான், அரிசி மூட்டையை நனைத்ததும் அதுதான். கால்வாயின் தண்ணீர் கடலுக்கு வடிய வேண்டும். கடல் ஏறி நின்றால் வடியாது. கடலேற்றமோ தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வருவது. அது கிரீன்விச்சுக்கும் கட்டுப்படாது, தோக்கியோவுக்கும் கட்டுப்படாது.

1978 டிசம்பர் தொடக்கத்தில் பாய லேபாரில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஒரு வருஷத்து மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில். பாய லேபார் என்றாலே மலாயில் அகன்ற சதுப்பு என்று பொருள், பெயர் வைத்தவர்களுக்கு நிலம் தெரிந்திருக்கிறது. ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரியப்பாவிடம் அந்த நாளைக் கேட்டால் மணி சொல்ல மாட்டார், "கடல் ஏறியிருந்துச்சு" என்பார்.

இப்போது அந்தக் கடிகாரத்தையும் அரசாங்கம் பிடித்துவிட்டது. 2008-ல் மரீனா அணை திறக்கப்பட்டது. ஒன்பது மதகுகள், ஏழு ராட்சத பம்புகள். கடல் இறங்கியிருந்தால் மதகைத் திறந்து மழைநீரை விடுவார்கள். ஏறியிருந்தால் மதகை மூடிவிட்டு பம்பால் இறைத்துவிடுவார்கள். அது காக்க வேண்டிய தாழ்வான இடங்களில் ஜாலான் புசாரும் உண்டு, தேக்காவுக்கு அடுத்த தெரு. கடல் ஏறுகிற நேரத்தைப் பார்த்து அரிசி மூட்டையைத் தூக்கிய தலைமுறையின் அறிவு அதோடு வேலையிழந்தது. இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நனையாத அரிசிதான் நல்லது.

ஆனால் எல்லாத் தண்ணீரையும் மதகால் நிறுத்த முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் குலுங்கியபோது சிங்கப்பூரில் மணி காலை 8.58. சுமத்ரா நடுவில் நின்று மறைத்துக்கொண்டதால் நமக்கு அலை வரவில்லை. அதே கணத்தில் நாகப்பட்டினத்தில் மணி 6.28. கொழும்பில் 6.58. கிளிநொச்சியில் 6.28. ஒரே தீவில் இரண்டு மணி. அதற்கு வருகிறேன்.

தேக்காவுக்கு ஞாயிறுதான் பெரிய நாள். கடைகள் திறந்து, தங்கும் விடுதிகளிலிருந்து ஊழியர்கள் வந்து இறங்க ஆரம்பிக்கும் நேரத்தில் அலை கடலுக்குள் மேற்கே போய்க்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கரையை அது தொட்டது அங்கே காலை ஒன்பது மணியை ஒட்டி, இங்கே பதினொன்றரை. இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து நாள் கணக்கில் ஆடி ஆடி ஆட்களைக் கொண்டுவந்த அதே கடல். தொலைபேசி எல்லாரிடமும் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தை நம் கடிகாரத்திலும் அலையை அவர்கள் கடிகாரத்திலும் படித்தால் 8.58, ஒன்பது. இரண்டு நிமிடம்தான் போலத் தெரியும். நிஜத்தில் இருந்த நேரம் அதைவிட அதிகம்.

இலங்கையின் இரண்டு மணிக்கு மூலம் ஒரு வறட்சி. 1996-ல் மழை பொய்த்து நீர்மின் அணைகள் வற்றின, நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. மாலை விளக்கெரியும் நேரத்தைக் குறைக்க அரசு மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, ஐந்தரையிலிருந்து ஆறரைக்கு. அக்டோபரில் அரைமணி திருப்பிக் கொடுத்து ஆறில் நிறுத்தியது. வானம் பொய்த்ததற்குக் கடிகாரத்தைத் திருப்புவது வினோதமாகப் பட்டாலும் கணக்கில் தவறில்லை, மக்கள் சூரிய வெளிச்சத்தில் வேலையை முடித்துவிட்டால் மின்சாரம் மிச்சம். ஆனால் விடுதலைப் புலிகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் ஐந்தரையிலேயே இருந்தன.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 சாலை திறந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரர் ஓமந்தையைத் தாண்டும்போது அரைமணி நேரம் பின்னால் போவார், முகமாலையைத் தாண்டி மறுபடி அரசுப் பகுதிக்குள் நுழையும்போது அரைமணி முன்னால் வருவார். நடுவே சோதனை, வரி. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டால், எந்த மணி என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலைமை. சிங்கப்பூர் அரைமணியை விட்டுக்கொடுத்தது எல்லையில் இந்தத் தொல்லை வேண்டாம் என்பதற்காக. வன்னி அரைமணியை விட்டுக்கொடுக்காதது அங்கே ஓர் எல்லை இருக்கிறது என்று காட்டுவதற்காக. எனக்கு இரண்டாவதன் மேல் ஒரு காலத்தில் கவர்ச்சி இருந்தது, இப்போது அந்த லாரிக்காரரைத்தான் அதிகம் நினைக்கிறேன். 2006 ஏப்ரலில், புத்தாண்டுக்கு மறுநாள், இலங்கை அரசு மீண்டும் ஐந்தரைக்கே வந்தது. தீவு முழுக்க ஒரே மணி ஆனது. அதே ஆண்டு ஏ9 மறுபடியும் மூடப்பட்டது.

மாமா கடைக்கு வருகிறேன். குருக்கள் அசையவில்லை. வாசலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆபீஸ்காரர்கள், மதிய இடைவேளை ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. மாமா காலண்டரைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், குருக்களைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பாதி தூக்கினார், இடுப்பளவுக்கு.

"சாமி, இது திறப்பு இல்ல. காத்து வரட்டுமேன்னுதான்."

வந்தவர்கள் குனிந்து கைநீட்டி வடை வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் குனிந்தே கற்கண்டு நீட்டினேன். ஒண்ணேகாலுக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஷட்டர் முழுசாக மேலே போனபோது மாவு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அந்தப் பாதி ஷட்டர் வியாபாரத்தை மாமா முதல்நாள் கணக்கில் சேர்க்கவில்லை. காலண்டரை எடுக்கவும் இல்லை. ராகுகாலம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "+1" என்று எழுதிவைத்தார், அடுத்த நாள் தாளைக் கிழித்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.